துக்கம் விசாரிக்க ஆளில்லாத வேலை

ஆவடிக்குப் பக்கத்தில் எங்கள் முத்தாபுதுப்பேட்டையில் நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் சாகக் கிடந்தால் அந்த வீட்டுத் திண்ணை காலியாக இருக்காது. உள்ளே கயிற்றுக் கட்டிலில் பெரியவர் கிடப்பார். வாசலில் நாலு பேர் உட்கார்ந்து மழையையும் மாட்டையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆறுதல் சொல்வது இன்னாருடைய வேலை என்று யாருக்கும் தனியாக எழுதி வைக்கவில்லை. அத்தை ஒருத்தி காலைப் பிடித்துவிடுவாள். பங்காளி ஒருவர் கடன் பாக்கி யாருக்கு, எந்தத் துண்டு நிலம் யாருக்கு என்று மெல்லக் கேட்டு வாங்கிக்கொள்வார். பக்கத்து வீட்டு அம்மா பேரப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் சோறு போட்டுத் தூங்கவைப்பாள். வாயில் பால் ஊற்றுகிற நேரம் வந்துவிட்டது என்று சொல்லவும் ஒரு பெரியம்மா இருப்பாள். இன்றைக்கு இந்த வேலைகளில் முக்கால்வாசி ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு ஊழியரின் மேசைக்கு வந்து சேர்ந்துவிட்டன. நியமன ஆணையில் அவர் உளவியலாளர். நோயாளிகளின் வாயில் 'கவுன்சிலிங் மேடம்'.

உடனே அந்தக் காலம் பொற்காலம் என்று யாரும் பெருமூச்சு விட வேண்டாம். அதே பெரியவர் வலி தாங்காமல் கத்துவது தெருமுனை வரைக்கும் கேட்கும். புத்து வந்து புண் புரையோடிப்போனவரை வாடை தாங்காமல் கொட்டகைப் பக்கம் தனியாகப் போட்டுவிட்ட வீடுகளும் உண்டு. திண்ணையில் உட்கார்ந்திருந்த நாலு பேரிடமும் அதற்கு மருந்து இல்லை. சட்டமும் வழிவிடவில்லை. 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின், மார்ஃபின் வாங்கவும் வைத்திருக்கவும் ஆஸ்பத்திரிகள் உரிமம் உரிமமாக அலைய வேண்டியதாயிற்று. பெரும்பாலான டாக்டர்கள் வம்பு எதற்கு என்று ஒதுங்கிக்கொண்டார்கள். சட்டப்படி அபின் பயிரிட்டு வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிற தேசத்தில், 1985-க்கும் 1997-க்கும் இடையே மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. அந்த முடிச்சைத் தளர்த்தும் திருத்தம் 2014-ல்தான் வந்தது. தளர்ந்தது சட்டம், பயம் இன்னும் முழுசாகத் தளரவில்லை.

இதற்கு நடுவே ஊரும் மாறியது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்து, 1965-ல் முதல் 'விஜயந்தா' டாங்கி வெளியே வந்தது. விமானப்படை, சிஆர்பிஎஃப், ராணுவ உடைத் தொழிற்சாலை என்று ஒவ்வொன்றாக ஆள் சேர்த்தன. வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ரிட்டயர் ஆனபின் மிட்டனமல்லி, பாலவேடு, முத்தாபுதுப்பேட்டை என்று மனை வாங்கி நின்றார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ பாஸ்டனிலோ. ஒருவருக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தால் வீட்டில் மிஞ்சுவது எழுபது வயது மனைவியும் ஒரு ஹோம் நர்ஸும்தான். பங்காளி என்று சொல்லிக்கொள்ள இருப்பது அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழு.

நோயை இனிக் குணப்படுத்த முடியாது என்றாலும் வலியையும் மூச்சுத் திணறலையும் பயத்தையும் குறைக்க முடியும் என்று கிளம்பிய சிகிச்சைக்கு நம் அரசு ஆவணங்களில் 'நோய் ஆதரவுச் சிகிச்சை' என்று பெயர். லண்டனில் 1967-ல் புனித கிறிஸ்டோபர் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸிலிருந்துதான் இந்தக் கதையை எல்லாரும் ஆரம்பிப்பார்கள். அந்த அம்மா முதலில் நர்ஸ், பிறகு ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர், அப்புறம் படித்து டாக்டர். உடம்பு வலியோடு மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாமும் சேர்ந்துதான் ஒருவருக்கு வலிக்கிறது என்று சொல்ல, அந்த மூன்று வேலையையும் பார்த்த ஒருத்தரால்தான் முடிந்திருக்கிறது. இங்கே 1986-ல் பம்பாயில் சாந்தி அவேத்னா, 1993-ல் கோழிக்கோட்டில் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம், தொண்ணூறுகளில் நமக்குப் பக்கத்திலேயே மாத்தூரில் ஜீவோதயா. நியூயார்க்கில் ஜிம்மி ஹாலண்ட் 1977-ல் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குள்ளேயே மனநலப் பிரிவைக் கொண்டுவந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் பிற்காலத்தில் புற்றுநோய் உளவியலுக்கென்றே ஒரு துறை வந்தது.

வலி போனால் நோயாளி நிம்மதியாகத் தூங்குவார், அதோடு பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் வெளியே இருக்கிற நாமெல்லாம் நினைப்போம். வார்டில் இருப்பவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். வலியில் துடிக்கிற மனுஷன் எதையும் பேச மாட்டார். மார்ஃபின் மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்து, இரண்டு இட்லி உள்ளே போனபிறகுதான் பேச்சே வரும். சின்ன மகள் கல்யாணம், அண்ணனோடு இருபது வருஷமாகப் பேசாதது, வீட்டுப் பத்திரம் அடகில் இருப்பது, ராத்திரி மூச்சு நின்றுவிடுமோ என்ற நடுக்கம். மருந்து எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவு பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்க ஒரு நாற்காலி வேண்டும், அதில் உட்கார ஒரு ஆள் வேண்டும்.

அந்த நாற்காலியில் உட்காருகிற ஒரு பெண் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். ஆவடி லோக்கலைப் பிடித்து நகரத்துக்குள் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார். எது என்பது இங்கே வேண்டாம். என்னை அக்கா என்று கூப்பிடுவதால் சில விஷயங்களைச் சொன்னார். நோயாளி யார், எந்த ஊர் என்று ஒருபோதும் சொன்னதில்லை.

அவர் வேலையில் அடிக்கடி நடப்பது இது. வார்டு வாசலில் குடிதண்ணீர் கேன் பக்கத்தில் மகன் வழிமறிப்பார். "மேடம், அப்பாகிட்ட வயித்துல புண்ணுன்னுதான் சொல்லி வெச்சிருக்கோம். நீங்க எதுவும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அன்னிக்கே போயிடுவாரு." உள்ளே போனால் அப்பா மகனை டீ வாங்கி வர அனுப்பிவிட்டு, கதவைப் பார்த்துக்கொண்டே சொல்வார். "எனக்கு எல்லாம் தெரியும்மா. பக்கத்து பெட்டுக்கும் எனக்கும் ஒரே பாட்டில்தான் ஏறுது. பையன் தாங்க மாட்டான், அவன்கிட்ட காட்டிக்காதீங்க." மகன் டீயோடு வருவார். மூன்று பேரும் கிரிக்கெட் பேசுவார்கள்.

அந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, தெரியும் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லவைப்பதுதான் அவருடைய கைத்தொழில். அதற்கு அவசரப்படக் கூடாது. முதல் நாள் மகனிடம் அப்பா எதைப் பற்றிப் பயப்படுகிறார் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்பாவிடம், மகன் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மனைவி எங்கே நிற்கிறாள் என்று பார்க்க வேண்டும், பெரும்பாலும் அவளுக்கு எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்கும். சில சமயம் நாலைந்து நாளில் கூடிவரும். அப்பா மகன் கையைப் பிடித்துக்கொண்டு பேங்க் லாக்கர் சாவி எங்கே இருக்கிறது என்று சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருக்கும். சில சமயம் அதற்குள் கட்டில் காலியாகிவிடும். "இன்னும் ரெண்டு நாள் கிடைச்சிருந்தா பேச வெச்சிருப்பேன்கா." அவரைத் தூங்கவிடாமல் செய்வது சாவு இல்லை, இந்த இரண்டு நாள் கணக்கு.

ஒரு சாயங்காலம் ஆவடியிலிருந்து ஸ்கூட்டியில் வரும்போது ரோட்டோரம் கண்ணீர் அஞ்சலி பேனர். மூன்று வாரம் தினமும் பேசிய முகம், கூலிங் கிளாஸ் போட்டு, பழைய கல்யாண போட்டோவிலிருந்து வெட்டி ஒட்டியது. முந்தின வாரம் டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர். வண்டி தானாக மெதுவாகிவிட்டது, பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார். வீடு பக்கத்தில்தான், பந்தல் தெரிந்தது. போகவில்லை. "நான் யாருன்னு சொல்லிட்டு உள்ள போறது? சைக்காலஜிஸ்ட் வந்துட்டுப் போனாங்கன்னா தெரு என்ன பேசும்? நோயாளி வந்ததே ரகசியம்தானே நமக்கு." வீட்டுக்கு வந்தார். குக்கரில் அரிசி போட்டார். ஆபீஸ் எப்படி என்று மாமியார் கேட்டார். பரவாயில்லை என்றார்.

சாவு வீட்டுக்குப் போய் வந்தவரை நம் வீடுகளில் நேரே உள்ளே விடுவதில்லை. கொல்லைப்புறமாக வரச் சொல்லித் தலையில் தண்ணீர் ஊற்றுவோம், துணியை நனைத்துப் போடச் சொல்வோம். தீட்டு என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் துக்கத்திலிருந்து அடுப்படிக்குத் திரும்பி வர நடுவே ஒரு படி வேண்டும் என்பது அந்தப் பழக்கத்துக்குத் தெரிந்திருந்தது. சாவு வீட்டில் ஒப்பாரி வைத்து அழ இடம் உண்டு. எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று கணக்கு வைத்துத் துக்கம் மெல்ல மெல்லக் குறையும். வெட்டியானுக்குக்கூட அவன் செய்த வேலைக்கு ஊரறிந்த ஒரு முறை இருந்தது. வாரத்துக்கு இரண்டு மூன்று பேரைக் கடைசிவரை கூட இருந்து அனுப்பிவைக்கிற உளவியலாளருக்கு இதில் எதுவும் கிடையாது. அவர் உறவினர் இல்லை, அதனால் அழ உரிமை இல்லை. ஊழியர், அதனால் அடுத்த பெட். உலகம் அங்கீகரிக்காத இந்த மாதிரி துக்கத்தைப் பற்றி கென்னத் டோகா என்ற அமெரிக்க அறிஞர் 1989-லேயே ஒரு நூல் தொகுத்தார். பிறருக்குத் தெரியாமல் துக்கப்படுகிறவருக்கு அது ஆறுவதற்கு அதிக நாளாகும் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

வேலையால் உள்ளுக்குள் தீய்ந்துபோவதை 1974-ல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் எழுதினார், 1981-ல் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளக்கக் கேள்வித்தாள் தயாரித்தார். அதில் பார்ப்பது மூன்று. ஒன்று, சக்தியெல்லாம் வற்றிப்போன அசதி. இரண்டு, மனுஷரை மனுஷராகப் பார்க்காத மரப்பு. "ராஜம்மா எப்படி இருக்காங்க" என்று கேட்டவர் "ஏழாம் நம்பர் பெட் போயாச்சா" என்று கேட்க ஆரம்பிப்பது அதுதான். மூன்று, நான் செய்கிற எதற்கும் பயனில்லை என்ற எண்ணம். பிறர் துன்பத்தைக் கேட்டுக் கேட்டே வருகிற சோர்வைத் தனியாகப் பிரித்து சார்லஸ் ஃபிக்லி 1995-ல் எழுதினார். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் இந்தத் தீய்ந்துபோதலைச் சேர்த்தபோது, இது நோய் அல்ல, வேலையிடம் சார்ந்த நிலை என்று தெளிவாகவே குறித்தது. பிரச்சினை ஆளிடம் இல்லை, வேலையிடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த இடத்தில்தான் பொதுப்புத்தி இடறுகிறது. தினமும் சாவைப் பார்த்தால் மனசு கெட்டுப்போகாதா என்று கேட்கிறோம். மேரி வாஷன் என்ற கனடாக்காரர், முதலில் நர்ஸாக இருந்தவர், மரணத் தறுவாயில் இருப்பவர்களைக் கவனிக்கும் ஊழியர்களின் மன அழுத்தத்தைப் பல வருஷம் ஆராய்ந்து 1987-ல் நூலாக்கினார். சாவோடு பழகுவதைவிட, வேலையிடமும், தன் பொறுப்பு எது என்று தெளிவில்லாத நிலையும், கூட வேலை செய்பவர்களோடு வருகிற உரசலும்தான் அவர்களை அதிகம் நசுக்கின என்று கண்டார். 1995-ல் அவரே செய்த மற்றொரு தொகுப்பாய்வில், ஆதரவு இருக்கிற இடங்களில் மரணக் காப்பக ஊழியர்கள் மற்ற துறைகளில் இருப்பவர்களைவிட மோசமாக இல்லை, சில அளவுகளில் மேலாகவே இருந்தார்கள் என்று தெரிந்தது.

நம் ஊரில் நிலைமையைப் பார்த்தால் வாஷன் சொன்னது அச்சு அசலாகப் பொருந்தும். உளவியலாளரை எதற்குக் கூப்பிடுகிறார்கள்? ஆபரேஷனுக்குச் சம்மதிக்காத நோயாளியைச் சம்மதிக்கவைக்க. பில் தொகையைப் பார்த்துச் சத்தம் போடும் சொந்தக்காரர்களைச் சமாதானப்படுத்த. டாக்டர் சொல்லத் தயங்குகிற கெட்ட செய்தியை அவருக்குப் பதிலாகப் போய்ச் சொல்ல. "கொஞ்சம் கவுன்சிலிங் பண்ணி அனுப்புங்க." இதற்கெல்லாம் தனி அறை கிடையாது. பல இடங்களில் நடைபாதைதான் அறை, இல்லாவிட்டால் டிரஸ்ஸிங் ரூமில் ஒரு ஸ்டூல். மாலையில் யாரிடம் எத்தனை நிமிஷம் பேசினீர்கள் என்று படிவம் நிரப்ப வேண்டும். பேசாமல் கூட உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்துக்குப் படிவத்தில் கட்டமே இல்லை. பலருக்கு ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் புதுப்பித்தால் உண்டு. நர்ஸ்களுக்கு நர்ஸ்கள் இருக்கிறார்கள், டாக்டர்களுக்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். ஒரு பிரிவுக்கு ஒரே ஒரு உளவியலாளர், அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தன் பாஷையில் பேச ஆள் கிடையாது.

கொரோனா வந்த 2020, 2021-ல் இது உச்சிக்குப் போனது. ஐசியுவுக்குள் இருக்கிறவருக்கும் வெளியே இருக்கிற குடும்பத்துக்கும் நடுவில் வீடியோ கால் பிடித்துக் கொடுத்தவர்களில் உளவியலாளர்களும் இருந்தார்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றிப் போன உடம்பைத் தொடக்கூட முடியாத குடும்பங்களுக்கு மறுநாள் போன் பண்ணிப் பேசியவர்களும் அவர்கள்தான். கைதட்டும்போது டாக்டருக்கும் நர்ஸுக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் தட்டினோம், சரிதான். இவர்களை யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அவர்களாவது உதவி கேட்கிறார்களா என்றால், அதுவும் கஷ்டம். நீங்களே சைக்காலஜிஸ்ட், உங்களுக்கு என்ன வந்தது என்று வீட்டில் கேட்பார்கள். வேலையிடத்தில் சொன்னால் இவரே இப்படி என்றால் நோயாளியை எப்படிப் பார்ப்பார் என்று எண்ணுவார்கள். வெளியே ஒரு மனநல மருத்துவரிடம் போகலாம், ஆனால் சென்னையில் இந்தத் துறை கையடக்கமானது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

பிரிட்டனில் இதைத் தனிமனித வைராக்கியத்துக்கு விட்டுவிடவில்லை. அங்கே ஆலோசகர்கள் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றவர் மாதம் ஒன்றரை மணி நேரமாவது மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து தன் வேலையைப் பேசியே ஆக வேண்டும். பேசாவிட்டால் அங்கீகாரம் நிற்காது. மைக்கேல் பாலிந்த் 1950-களில் லண்டனில் டாக்டர்களை வட்டமாக உட்காரவைத்து, நோயாளியைப் பற்றி அல்லாமல் நோயாளி தங்களுக்குள் என்ன செய்தார் என்று பேசவைத்தார். அந்தக் குழுக்கள் இன்னும் பல நாடுகளில் நடக்கின்றன. பாஸ்டனில் நுரையீரல் புற்றுநோயால் 1995-ல் இறந்த கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வக்கீல், தன்னைக் கவனித்தவர்களின் கனிவை நினைத்துத் தொடங்கிய அமைப்பின் வழியாக, ஆஸ்பத்திரியில் எல்லாத் தட்டு ஊழியர்களும் ஒன்றாக உட்கார்ந்து மனசில் தைத்ததைப் பேசுகிற கூட்டங்கள் பரவின. இதெல்லாம் பணக்கார நாட்டுக்கு என்று சொல்பவர்கள் கேரளத்தைப் பார்க்கலாம். மலப்புறத்தில் தொடங்கி அங்கே அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் பயிற்சி பெற்று நோயாளி வீட்டுக்குப் போகிறார்கள், அரிசி வாங்கிக் கொடுக்கிறார்கள், உட்கார்ந்து பேசுகிறார்கள். 2008-ல் அந்த மாநிலம் இதற்கென்றே கொள்கை அறிவித்தது. துக்கத்தைக் கேட்கிற காதுகள் பலவாக இருந்தால் ஒரு காது செவிடாக வேண்டியதில்லை. திண்ணையில் உட்கார்ந்த நாலு பேர், இந்த முறை மார்ஃபினோடும் பயிற்சியோடும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நோய் ஆதரவுச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. படுக்கையிலேயே கிடக்கிறவருக்கு நர்ஸ் வந்து புண்ணைச் சுத்தம் செய்கிறார், இயன்முறை மருத்துவர் வந்து கைகாலை அசைக்கவைக்கிறார். முத்தாபுதுப்பேட்டை மாதிரி புறநகரில், வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாத வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்படி ஒரு வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். திட்டம் தொடங்கியபோது அந்தக் குழுவில் நர்ஸும் இயன்முறை மருத்துவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரும் இருந்தார்கள், உளவியலாளர் இல்லை. அதனால் வீட்டில் நடக்கிற பேச்சு முழுவதும் அந்த நர்ஸின் தலையில். நாளை அவருக்கும் இதே அசதிதான்.

2022 அக்டோபரில் வந்த 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் யாரும் தமிழிலேயே பேசலாம், உளவியலாளர்களும் பேசலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் போன் எண் ஒன்று, வேலையிட ஏற்பாடாகிவிடாது.

ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களுக்கும் சுகாதாரத் துறைக்கும் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நோய் ஆதரவுப் பிரிவுக்கு ஒரு உளவியலாளர் என்றிருப்பதை இரண்டாக்குங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் மூத்தவரோடு உட்கார்ந்து பேசுவதை வேலை நேரமாகவே எழுதிக்கொள்ளுங்கள். குடும்பம் விரும்பி அழைத்தால் காரியத்துக்குப் போய்வருவதை லீவில் கழிக்காதீர்கள். கதவு சாத்துகிற ஓர் அறை கொடுங்கள். கெட்ட செய்தியைச் சொல்வது டாக்டரின் வேலை, அதை அவர் கையிலேயே விடுங்கள்.

படிக்கிற உங்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டில் அப்படி ஒரு சாவு நடந்து பதினாறாம் நாள் முடிந்தபிறகு, அப்பாவிடம் கடைசியாகப் பேசிய அந்த மேடத்துக்கு ஒரு போன் போடுங்கள். நன்றி சொல்ல வேண்டாம். அவர் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள்.